நட்சத்திரக் குறி மட்டும் போதுமா? போக்கிமான் அட்டை பற்றி உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். மதுரை சிம்மக்கல்லில் வசிக்கும் என் அக்கா மகன், பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கி வந்த சாரிசார்ட் (டிராகன் போன்ற போக்கிமான் பாத்திரம்) விளையாட்டு அட்டையின் கீழ் மூலையில் நட்சத்திரக் குறி இருப்பதால் அது அபூர்வமானது என்று சாதிக்கிறான். வட்டம் சாதாரணம், நட்சத்திரம் அரிது என்பது சரியே. ஆனால் 1999இல் 4/102 (102 அட்டைத் தொகுப்பில் 4ஆவது) என்ற எண்ணுடன் ஆங்கிலத்தில் வந்த அதே அட்டை 2000இல் 4/130 என்றும், 2021இல் போக்கிமானின் 25ஆம் ஆண்டு முத்திரையுடனும் மறுபதிப்பானதால், குறியை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது என்பது என் வாதம். எங்கள் அட்டையில் 4/102 என்றே இருக்கிறது, முத்திரை இல்லை. படச்சட்டத்தின் வலப்புறம் மட்டும் மெல்லிய நிழல் தெரிகிறது (அப்பாவின் பூதக்கண்ணாடி உதவியது). நிழலற்றதே முந்தைய அச்சு என்பதை அறிவேன். இது பிந்தைய அச்சா, போலியா என்பதை அட்டையைக் கிழித்துப் பார்க்காமல் வீட்டிலேயே கண்டறியும் வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து கூறவும்.