போஸ்ட்மினிமலிசம்: பின்சிறுமவியமா, நெகிழ்சிறுமவியமா?

> போஸ்ட்மினிமலிசம் என்ற கலை இயக்கத்துக்குத் தமிழில், பின்நவீனத்துவம் போலப் பின்சிறுமவியம் என்றே வைத்துவிடலாமே.

ஐயா, வணக்கம். மினிமலிசத்துக்கு, அதாவது பெட்டி போன்ற எளிய வடிவங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கிய 1960களின் கலைப்போக்குக்கு, 'சிறுமவியம்' என்பது எனக்கும் உடன்பாடே. கணக்கில் சிறுமம், பெருமம் படித்தவர்களுக்கு உடனே விளங்கும். 'பின்'தான் இடறுகிறது. ஒன்று முடிந்து மற்றொன்று வந்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை.

அமெரிக்கச் சிற்பி ஈவா ஹெஸ் 1968இல் செய்த இரண்டாம் 'அக்செஷன்' சிற்பத்தைப் பாருங்கள். துத்தநாகம் பூசிய எஃகுப் பெட்டி, பக்கம் ஏறத்தாழ 78 செ.மீ. எட்ட நின்றால், சிறுமவியக் கலைஞர்கள் பட்டறையில் செய்வித்த பெட்டிகளுள் ஒன்று என்றே தோன்றும். குனிந்தால், துளைதோறும் கையால் கோத்த 30,000க்கும் மேற்பட்ட நெகிழிக் குழல்கள் உள்ளே சிலிர்த்து நிற்கின்றன! பெட்டியை அவர் விட்டுவிடவில்லை. அதற்கு உடம்பு கொடுத்தார். அதே ஆண்டு கண்ணாடியிழையில் செய்த 19 வாளிகளும் அப்படித்தான். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நசுங்கியிருக்கிறது.

ஆகவே 'நெகிழ்சிறுமவியம்' என்கிறேன். அகப்பாடல்களில் வளை நெகிழும். வளை வளையாகவே இருக்கும், பிடிமானம்தான் தளரும். அதே காலச் சிற்பிகளான ராபர்ட் மோரிஸின் தொங்கும் கம்பளித் துணிக்கும், ரிச்சர்ட் செர்ரா சுவரடியில் வீசிய உருகிய ஈயத்துக்கும்கூட இது பொருந்தும்.

---

அம்மா, வளை உவமை மனத்தில் தைத்தது. ஆனால் கலைஞர் புரூஸ் நௌமனின் நியான் விளக்குக் குழாய்களில் நெகிழ்வு எங்கே? கலை விமர்சகர் ராபர்ட் பின்கஸ்-விட்டன் 1971இல் ஹெஸ் பற்றிய கட்டுரையில்தான் அந்த ஆங்கிலப் பெயரைக் கையாண்டார் என்றாலும், இன்று அதற்குள் நௌமனும் அடக்கம். மேலும் 'நெகிழி' என்றால் பிளாஸ்டிக். மாணவர்கள் பிளாஸ்டிக் சிற்பம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

---

நியான் பற்றிச் சொன்னது சரி, ஐயா. இயக்கத்தின் பொதுப்பெயர் பின்சிறுமவியம் ஆகட்டும். நெகிழி பற்றிய அச்சம் மட்டும் எனக்கில்லை. ஹெஸ் கையாண்டவை நெகிழிக்குழல், பிசின், ரப்பர் பால்தாமே. 1970இல், 34 வயதில் அவர் மறைந்தார். அந்த ரப்பர் பால் பூச்சுகள் பழுப்பேறி, விறைத்து, நொறுங்கிவருகின்றன. நெகிழ்வு போய்விட்டால் அந்தச் சிற்பத்தில் எது போகிறது என்பதை அருங்காட்சியகங்கள் கண்ணெதிரே காண்கின்றன. அதனால் இயக்கத்துக்கு அன்றி, இந்த முறைக்கு மட்டும் கலைச்சொல் பட்டியலில் தனிப்பதிவு ஒன்று கேட்கிறேன்:

நெகிழ்சிறுமம்: சிறுமவியத்தின் பெட்டியையும் அடுக்கையும் வைத்துக்கொண்டே, தளரும் பொருளாலும் கைவேலையாலும் அவற்றின் விறைப்பைக் குலைக்கும் சிற்பமுறை.