துணிச்சலான ஆய்வுகளுக்கு விதைப்பணம்: தேர்வு, தவணை, கணக்கு எப்படி வைப்பது?

துறைச்சங்கம்_சென்னை:
வணக்கம். சென்னையில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத் துறையின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 30 லட்ச ரூபாய் திரட்டியிருக்கிறோம். வழக்கமான நிதிக்கு அனுப்பப் பேராசிரியர்கள் தயங்கும் யோசனைகளுக்குத்தான் இந்தப் பணம். ஒருவருக்கே கொடுப்பதா, பிரிப்பதா? யார் தேர்ந்தெடுப்பது? ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணமும் தருகிறேன் என்கிறது. எங்கெல்லாம் இடிக்கும்?

தரமணி_ஆய்வகம்:
ஒருவர் கையில் மொத்தத்தையும் கொடுத்துவிடாதீர்கள். முதல் சுற்றில் எட்டுப் பேருக்குத் தலா 1.5 லட்சம், ஆறு மாதம். அது 12 லட்சம். மீதி 18 லட்சத்தைத் தொடாமல் வைத்திருந்து, தேறிவரும் இரண்டு யோசனைக்கு 9 லட்சம் வீதம் கொடுங்கள். அதில் ஒரு ஜேஆர்எஃப்-ஐ (உதவித்தொகை பெறும் இளநிலை ஆய்வாளர்) 18 மாதம் வைத்துக்கொள்ளலாம்: மாதம் 37,000 வீதம் 6.66 லட்சம், மேற்கொண்டு வீட்டு வாடகைப்படி. முதல் சுற்றில் ஆள் எடுக்க விடவேண்டாம். விளம்பரம், நேர்காணல், ஆணை என்று ஆறு மாதமும் அதிலேயே கரைந்துவிடும். இருக்கிற பிஎச்டி மாணவரை வைத்துத் தொடங்கட்டும்.

விண்ணப்பம் இரண்டு பக்கம் போதும். கேட்ஸ் அறக்கட்டளை 2008-ல் இப்படிப்பட்ட யோசனைகளுக்கு 1 லட்சம் டாலர் கொடுக்கத் தொடங்கியபோது கேட்டதும் இரண்டே பக்கம்தான். அதில் ஒரு கேள்விக்கு மட்டும் நெற்றியடியாகப் பதில் வேண்டும்: இந்த யோசனை தேறாது என்று காட்டிவிடக்கூடிய மிக மலிவான சோதனை எது?

சேற்று நுண்ணுயிரிகள் தரும் மின்சாரத்தில் நீர்த்தர சென்சாரை ஓட்டுவேன் என்று ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். ஒரு வாளிச் சேறு, 10 செ.மீ.க்கு 10 செ.மீ. கிராஃபைட் ஃபெல்ட் (மின்சாரம் கடத்தும் கரித்துணி) இரண்டு துண்டு. ஒன்றைச் சேற்றில் 5 செ.மீ. ஆழத்தில் புதைத்து, மற்றதை மேலே நிற்கும் தண்ணீரில் வைத்து, நடுவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஒரு மாதம் தினமும் ரெசிஸ்டரின் குறுக்கே வோல்டேஜ் பார்க்கவேண்டும். 0.3 வோல்ட் நிலையாக நின்றால் 0.09 மில்லிவாட். ஒரு தடவை அளந்து தகவல் அனுப்ப 1 ஜூல் தேவை என்றால், அது சேரச் சுமார் மூன்று மணி நேரம். மூன்று மணிக்கு ஒரு அளவீடு ஏரிக்குப் போதுமா என்று அங்கேயே தெரிந்துவிடும். ரெசிஸ்டர் இல்லாமல் அளந்தால் 0.6, 0.7 என்று ஆசை காட்டும், லோடு கொடுத்ததும் சரியும். செம்புக் கம்பி சேற்றில் பட்டாலும் அதன் அரிப்பே வோல்டேஜ் காட்டி ஏமாற்றும். இணைப்பை எபாக்சி பூசி மூடவேண்டும். இந்த அளவுக்கு விவரம் எழுத முடிந்தவருக்குத் தயங்காமல் கொடுக்கலாம்.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலச் சேறுதான் வேண்டும் என்றால் வனத்துறை அனுமதி கைக்கு வந்தபிறகு ஆறு மாதக் கணக்கைத் தொடங்குங்கள்.

மதிப்பெண்_வேண்டாம்:
தேர்வுக் குழு விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். ஐந்து பேர் போடும் மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி எடுத்தால் எல்லோரும் 7 போட்ட சாதுவான யோசனைதான் மேலே வரும். ஒருவர் 10, மற்றவர்கள் 4 போட்ட யோசனை 5.2-ல் அடிபட்டுப் போகும், நீங்கள் தேடுவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதனால் குழுவில் ஒவ்வொருவருக்கும், மற்றவர் எதிர்த்தாலும் ஒரு விண்ணப்பத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுங்கள். அப்படி ஐந்து. மீதி மூன்றை, அடிப்படை அறிவியலில் பிழையில்லாதவற்றிலிருந்து குலுக்கலில் எடுங்கள். குலுக்கலா என்று முகம் சுளிக்கவேண்டாம். நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013 முதலும், ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் அறக்கட்டளை 2017 முதலும் இதைச் செய்து பார்த்திருக்கின்றன.

விண்ணப்பத்தில் பெயர், பதவி, கட்டுரை எண்ணிக்கை இருக்கவே கூடாது. துறைத்தலைவர் குழுவில் உட்கார்ந்தால் இளையவர்கள் வாயே திறக்கமாட்டார்கள்.

நிதிப்பிரிவு_அனுபவம்:
பணம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பல்கலைக்கழகத்தோடு போடும் ஒப்பந்தத்தில் தனிக் கணக்குத் தலைப்பு, நிர்வாக மேல்செலவுக்குப் பல்கலைக்கழகம் எத்தனை சதவீதம் எடுக்கும், மார்ச் 31-ல் மிச்சப் பணம் காலாவதி ஆகாது என்ற வரி, மூன்றும் எழுத்தில் வேண்டும். 'கன்டின்ஜென்சி (சில்லறைச் செலவு), கன்ஸ்யூமபிள் (தீர்ந்துபோகும் பொருள்), பயணம்' என்று உடைக்காமல் ஒரே தலைப்பாக வையுங்கள். சோதனை திசை மாறும்போது ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற அனுமதி கேட்டுத்தான் பல மாதம் வீணாகிறது.

சிஎஸ்ஆர்: கம்பெனிகள் சட்டம் 2013, ஏழாம் அட்டவணை, அரசு நிதியில் நடக்கும் பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்குத் தருவதை அனுமதிக்கிறது. ஆய்வு ஒரு நிதியாண்டைத் தாண்டும் என்றால் கம்பெனியின் போர்டு அதைத் தொடர் திட்டமாக ஏற்றிருக்கவேண்டும். காப்புரிமை எங்களுக்கு என்று கம்பெனி கேட்டால் அது சிஎஸ்ஆரில் வராது. தனி ஒப்பந்தமாகப் போடுங்கள், கன்சல்டன்சி என்றால் 18% ஜிஎஸ்டி.

வெளிநாட்டு நண்பர்கள் பணம் அனுப்பினால் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து கொடுப்பது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) விதிக்குள் வரும். அவரிடம் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும் அதே கதைதான். இரண்டையும் ஒரே கணக்கில் கலந்துவிடாதீர்கள்.

துறைச்சங்கம்_சென்னை:
மிக்க நன்றி. ஆறு மாதத்தில் தேறாத யோசனைக்காரரிடம் என்ன வாங்கவேண்டும்?

தரமணி_ஆய்வகம்:
செலவுக் கணக்கும், மூலத் தரவும், எந்த இடத்தில் எதனால் நின்றது என்று ஒரு பக்கமும். பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள், அடுத்த சுற்றில் அவரைத் தள்ளியும் வைக்காதீர்கள். இதை அறிவிப்பிலேயே அச்சிட்டுவிட்டால்தான் உண்மையான சோதனையை எழுதி அனுப்புவார்கள்.