புதுப்பிப்பு: அண்ணன் மகளின் முதுகு வளைவுக்கு எந்த அறுவை சிகிச்சை?

பாளையங்கோட்டையில் இருக்கும் என் அண்ணன் மகளுக்கு முதுகெலும்பு 52 டிகிரி வளைந்திருக்கிறது, கம்பி வைப்பதா, கயிறு கட்டுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். கம்பி என்று முடிவாகிவிட்டது.

கயிற்று முறையில் விலாப்பக்கமாக உள்ளே போய், வளைவின் வெளிப்புறத்தில் திருகுகள் வைத்து, நெகிழ்வான கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். மிச்சமுள்ள வளர்ச்சிதான் வளைவை மேலும் நிமிர்த்த வேண்டும். அமெரிக்காவிலேயே 2019-இல்தான் இதற்கு அனுமதி கிடைத்தது. இவளுக்கு வளர்ச்சி அநேகமாக முடிந்துவிட்டது. கயிறு அறுந்து மறுபடி அறுவை செய்யும் வாய்ப்பும் இதில் கூடுதல்.

கம்பி வைத்து எலும்புகளை இணைத்துவிட்டால் பிள்ளை குனிய முடியுமா என்று மதினி கலங்கிப் போனாள். கீழ் முதுகை இணைக்காமல் விடுவதால் குனியலாம் என்றார் மருத்துவர். அப்புறம், தண்டுவடத்தைக் கருவி வைத்துக் கண்காணித்துக்கொண்டே செய்வார்கள். எனக்கு அதுதான் பெரிய தைரியம். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் தேதி வாங்குகிறோம்.