லாக்டேட் த்ரெஷோல்ட்: ‘தேங்குமுனை’ சரிவருமா?

> ‘த்ரெஷோல்ட்’ என்பதற்கு இயற்பியல் பாடநூலில் ‘பயன்தொடக்கம்’ இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமா? அல்லது சுருக்கமாக ‘அமில வரம்பு’?

வணக்கம். பயிற்றுநர் கையேட்டில் ‘லாக்டேட் த்ரெஷோல்ட்’டுக்கு வைக்க வேண்டிய தமிழ்ச்சொல் பற்றிய உங்கள் கேள்விகளுக்கு என் பதில் இது. லாக்டேட் என்பது தசை சர்க்கரையை எரிக்கும்போது உண்டாகி ரத்தத்தில் கலக்கும் பொருள். ஓட்ட வேகம் கூடும்போது அது ரத்தத்தில் சேரத் தொடங்கும் இடம்தான் இந்த ‘த்ரெஷோல்ட்’.

‘அமில வரம்பு’ வேண்டவே வேண்டாம். ரத்தச் சோதனையில் அளப்பது லாக்டேட்டை, அமிலத்தை அல்ல. அது தசைக்கும் இதயத்துக்கும் எரிபொருளும்கூட. அமிலம் தங்கிவிடுவதால்தான் மறுநாள் கால் வலிக்கிறது என்ற தவறான நம்பிக்கை மைதானங்களில் ஏற்கெனவே இருக்கிறது. நாமும் பெயர் வைத்து அதை உறுதிப்படுத்தக் கூடாது.

‘பயன்தொடக்கம்’ ஒளிமின் விளைவுக்குச் சரி. உலோகத்தின் மேல் விழும் ஒளியின் அதிர்வெண் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் எலக்ட்ரான் வெளிவராது. லாக்டேட்டோ சும்மா உட்கார்ந்திருக்கும்போதே லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல் இருக்கும். வேகம் கூடினால் அது உண்டாவதும் கூடும், உடல் அகற்றுவதும் கூடும். வரத்து வடிகாலை மிஞ்சும் இடத்தில்தான் குளத்துத் தண்ணீர்போல அது தேங்கத் தொடங்குகிறது. அதனால் ‘தேங்குமுனை’ என்கிறேன். அதற்கு முன்பே, அளவு முதன்முதலாக உயரும் இடத்துக்கு ‘ஏறுமுனை’. மெது ஓட்டம் ஏறுமுனைக்குக் கீழே, டெம்போ ஓட்டம் (சற்றுக் கடினமான, சீரான வேக ஓட்டம்) தேங்குமுனையை ஒட்டி என்று அட்டவணை போடுவதால் இரண்டுக்கும் தனிப்பெயர் வேண்டும்.

> வரையறையில் 4 மில்லிமோல் என்று எழுதிவிடலாமா?

கூடாது. 4 பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. ஒருவருக்கு 3-லேயே தேங்கும். இன்னொருவர் 5-லும் நிலையாக ஓடுவார். ஒரே வேகத்தில் 30 நிமிடம் ஓடவிட்டு, 10-ஆம் நிமிடத்துக்கும் 30-ஆம் நிமிடத்துக்கும் இடையே 1 மில்லிமோலுக்கு மேல் உயர்ந்தால் அந்த வேகம் தேங்குமுனையைத் தாண்டிவிட்டது. வரையறை இதைத் தழுவட்டும்.

படிச்சோதனையில் படிக்கு 4 நிமிடம், அடுத்த படிக்கு மணிக்கு 1 கி.மீ. கூடுதல், ஒவ்வொரு படியின் முடிவிலும் காதுமடலில் ஒரு துளி ரத்தம். வியர்வையிலும் லாக்டேட் உண்டு. துடைக்காமல் எடுத்தால் எண் பொய்யாக எகிறும். முதல் துளியை ஒற்றி எடுத்துவிட்டு அடுத்ததை அளக்க வேண்டும். இதைவிட மோசமான பிழை சோற்றில் இருக்கிறது. முந்தைய நாள் கடும் பயிற்சி, மாவுச்சத்தும் குறைவு என்றால் தசையில் சேமித்த சர்க்கரையான கிளைகோஜன் வற்றி லாக்டேட் குறைவாகவே காட்டும். தேங்குமுனை உயர்ந்துவிட்டதுபோலத் தெரியும். அதை நம்பி வேகத்தைக் கூட்டினால், களைத்திருக்கும் வீரர் மேலும் களைப்பார்.

> வேகத்துக்கு எதிராக லாக்டேட்டை வரையும் வளைகோட்டில் கூரான முனை எதுவும் இல்லையே. ‘தேங்குநிலை’ பொருந்தாதா?

கேள்வி நியாயம்தான், கோடு மெல்லத்தான் வளைகிறது. ஆனால் ‘நிலை’ என்றால் தேங்கி முடிந்தபின் இருப்பதைச் சொல்வதாகிவிடும். ‘முனை’யைத் தெருமுனை என்ற பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பும் இடம். பயிற்றுநர் கையேட்டில் அதைவிட அதிகம் வரப்போவது அந்த இடத்து வேகமும் இதயத்துடிப்பும். ‘தேங்குவேகம்’, ‘தேங்குதுடிப்பு’ என்று இரண்டும் தடையில்லாமல் கிளைக்கின்றன. ‘பயன்தொடக்க’த்தை வைத்து இப்படி இரண்டு சொல் ஆக்கிப் பாருங்கள்.