திரும்பி வந்தவர்கள் எழுதிய கவிதைகள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் அண்ணைமார், அக்காமார்.

மயிலிட்டியில் எங்கள் வாசிகசாலையில் ஒரு பின்னேரம் கவிதை வாசிக்க யோசித்திருக்கிறோம். மேடை, மாலை ஒன்றும் இல்லை. பாய் விரித்து இருந்து வாசிப்பதுதான். 1990இல் சண்டையால் விட்டுப்போன ஊர், 2017இல்தான் இராணுவத்திடமிருந்து துறைமுகப் பக்கம் திரும்பக் கிடைத்தது. அதனால் கிணறு, வேலி, கடற்கரை என்று ஊரைப் பிடித்து எழுதியவைதான் தேவை.

1985இல் வந்த 'மரணத்துள் வாழ்வோம்', அடுத்த வருடம் வந்த 'சொல்லாத சேதிகள்' என்ற இரண்டு கவிதைத் தொகுப்புகளும் கையில் இருக்கின்றன. அளவெட்டிக் கவிஞர் மஹாகவியின் கவிதைகளும் இருக்கின்றன. நான் தேடுவது கடந்த பத்து வருடத்தில் எழுதியவை, முக்கியமாகக் கடற்றொழில் குடும்பத்துப் பெண்கள் எழுதியவை. சண்டையை மட்டும் பேசுபவை கனக்கச் சேர்ந்துவிட்டன.

போன கிழமை ஒரு கவிதையை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். 'வடலியில் நுங்கு வெட்டினோம்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். "வடலியில எங்க பிள்ளை நுங்கு? அது இன்னும் பாளையே விடாத பனையெல்லோ!" சரி, அந்தக் கவிதை வெட்டு. இப்படி மாமியிடம் பாஸாகக்கூடியவை வேண்டும்.

தொகுப்பின் பெயர் சொன்னாலும் போதும், பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டாலும் சரி. யாழ்ப்பாணத்துக்குள் என்றால் நானே வந்து போட்டோக்கொப்பி எடுத்து, புத்தகத்தை அன்றைக்கே திருப்பித் தருவேன். எழுதியவரிடம் கேட்காமல் வாசிக்க விருப்பமில்லை. அவரைத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.