அல்சைமரின் தொடக்கத்தில் கிளியா செல்களின் பங்கு என்ன?

கேள்வி: மூளையில் அமிலாய்டு என்ற புரதம் திட்டுகளாகப் படிந்தும் பலருக்கு நினைவு மங்குவதில்லை. அமிலாய்டுக்கும், நரம்பு செல்களுக்குள் சேரும் டௌ புரதத்துக்கும் நடுவே, கிளியா செல்களான ஆஸ்ட்ரோசைட் (நரம்பு செல்களுக்குத் துணை நிற்பது), மைக்ரோகிளியா (மூளையின் நோயெதிர்ப்புச் செல்) இரண்டும் என்ன செய்கின்றன? அதை ரத்தத்தில் அளக்க முடியுமா?

பதில் 1: முடியும். ஆஸ்ட்ரோசைட் கிளர்ந்தால் அதிலுள்ள ஜிஎஃப்ஏபி (GFAP) புரதம் ரத்தத்தில் கூடும். 2023இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள்: அறிகுறியற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில், ஜிஎஃப்ஏபியும் கூடியிருந்தவர்களிடம் மட்டுமே அமிலாய்டுக்கு ஏற்ப பாஸ்போ-டௌ (பாஸ்பேட் ஒட்டிய டௌ) உயர்ந்தது. என் பார்வையில் மிக வலுவான தடயம் இதுதான்.

பதில் 2: ஜிஎஃப்ஏபியை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். தலைக்காயம், மூளை ரத்தக்கசிவு, முதுமை எல்லாமே அதை ஏற்றும். பாஸ்போ-டௌவின் ஒரு வகையான பி-டௌ217உடன் சேர்த்துப் படியுங்கள்.

பதில் 3: மைக்ரோகிளியாவையும் சொல்ல வேண்டும். தன் மேற்பரப்பிலுள்ள ட்ரெம்2 (TREM2) ஏற்பியின் துணையோடுதான் அது அமிலாய்டுத் திட்டைச் சூழ்ந்து இறுக்குகிறது. ட்ரெம்2 மரபணுவில் ஆர்47எச் (R47H) என்ற மாற்றம் இருந்தால் அந்த வேலி தளர்ந்து, பக்கத்து நரம்பிழைகள் சிதைகின்றன. மறுபக்கம், 2016இல் எலிகளில் கண்டது: திட்டுகள் தோன்றும் முன்பே, சி1க்யூ (C1q) என்ற நோயெதிர்ப்புப் புரதம் ஒட்டிய சினாப்ஸ்களை (நரம்பு செல்கள் இணையும் இடங்களை) மைக்ரோகிளியா விழுங்கிவிடுகிறது.