கோவில்பட்டி வட்டாரத்துச் சிறு கடைகளும் வராத பாக்கியும்: அனுபவப் பகிர்வு

கோவில்பட்டி, ஓய்வுபெற்ற வங்கிப் பணியாளர்

உள்ளூர்க் கடைகளையும் உள்ளூர்த் தயாரிப்புகளையும் ஆதரிக்க வேண்டும் என்று மேடையிலும் வாட்ஸ்அப்பிலும் எல்லோரும் சொல்கிறோம். அந்த ஆதரவு எந்த இடத்தில் உண்மையாகவே ஒரு கடையைத் தூக்கி நிறுத்தியது, எந்த இடத்தில் வெறும் பேச்சாகப் போனது என்பதைக் கடை நடத்துபவர்களும் சரக்குப் போடுபவர்களும் வாங்குபவர்களும் தங்கள் அனுபவத்திலிருந்து எழுதுமாறு கேட்டுக்கொண்டு, என் பங்கை முதலில் எழுதுகிறேன்.

கடன் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் இந்த வட்டாரத்துச் சிறு தொழில்களின் கணக்குகளை நெருக்கத்தில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. விற்பனை இல்லாமல் நொடித்தவர்களைவிட, விற்ற சரக்குக்குக் காசு வராமல் நொடித்தவர்களே என் பார்வையில் அதிகம். கடலைமிட்டாய்ப் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். கடலைக்கும் வெல்லத்துக்கும் மண்டியில் ரொக்கம் வைக்க வேண்டும். வறுப்பவர், பாகு பதம் பார்ப்பவர், தட்டில் கொட்டி உருளையால் சமன்செய்து வில்லை போடுபவர், பொட்டலம் கட்டும் பெண்கள் என்று அத்தனை பேருக்கும் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். சரக்கோ கடைகளுக்குக் கடனாகப் போகிறது. காசு ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து, அதுவும் துண்டு துண்டாக வருகிறது. அந்த இடைவெளியைத் தண்டல்காரர் நிரப்புகிறார். மிட்டாயில் நிற்க வேண்டிய லாபம் அவருடைய வட்டிக்குப் போய்விடுகிறது.

2020ஆம் ஆண்டு கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். வேறு ஊரில் செய்த மிட்டாய்க்கு எங்கள் ஊர்ப் பெயரை ஒட்டுவதைத் தட்டிக்கேட்க அது ஒரு பிடிமானம். ஆனால் குறியீடு கிடைத்த மிட்டாய்க்கும் கடைக்காரர் அதே இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் தருகிறார் என்று பட்டறைக்காரர்கள் சொல்லும்போது, ஆதரவு என்ற சொல்லை நாம் எந்தப் பக்கத்திலிருந்து புரிந்துகொண்டிருக்கிறோம் என்ற கேள்வி எழுகிறது. கடைக்காரர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் தரப்பையும் கேட்க விரும்புகிறேன்.

சாத்தூர், மளிகைக்கடை

எங்கள் தரப்பைச் சொல்கிறேன். பெரிய கம்பெனியின் ஏஜென்சியிலிருந்து லைன் வண்டி வந்தால், போன வாரத்துப் பில்லுக்குப் பணம் கொடுத்தால்தான் இந்த வாரத்துச் சரக்கு இறங்கும். சோப்பும் பிஸ்கட்டும் ஒரு வாரம் கடையில் இல்லையென்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்; அதனால் அந்தப் பில்லை எப்பாடுபட்டாவது கட்டிவிடுகிறோம். உள்ளூரில் காராச்சேவு போடுபவரோ அப்பளம் போடுபவரோ வந்து நின்றால், தெரிந்தவர் என்ற உரிமையில் "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிடுகிறோம். நாலு கடையில் அவருக்கும் அதே பதில் கிடைக்கும். எவனோ ஒருவனின் கம்பெனிக்கு நாள் தவறாமல் கட்டுவதற்கான காசை, நம் தெருக்காரரின் முதலிலிருந்துதான் எடுக்கிறோம் என்பது கணக்கைத் திறந்து பார்த்தால் தெரியும்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. எங்களிடம் பற்று நோட்டு வைத்திருக்கும் குடும்பங்களில் பலர், சம்பளம் வந்த முதல் வாரத்தில் புறவழிச்சாலையில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், எண்ணெய், அரிசி, சோப்பு எல்லாவற்றையும் ரொக்கத்துக்கு வாங்கிவிடுகிறார்கள். தேதி இருபதைத் தாண்டியதும் புளிக்கும் பருப்புக்கும் எங்களிடம் வந்து, நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறார்கள். ரொக்கம் வெளியே போய், கடன் மட்டும் எங்கள் கல்லாவுக்கு வந்தால், நாங்கள் யாருக்கு எதை வைத்துக் கட்டுவது? முதல் தேதிக் கொள்முதலில் பாதியையாவது எங்களிடம் ரொக்கத்துக்கு வாங்கினால், அப்பளக்காரரின் பாக்கி அந்த வாரமே தீர்ந்துவிடும்.

2017 மார்ச் மாதம் வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று முடிவெடுத்ததை இங்கே பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறாத நேரம் அது. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோவை, அதுவரை கோலா மட்டுமே குடித்த இளவட்டங்கள் வந்து கேட்டு வாங்கினார்கள். அந்தக் கோடையில் எங்கள் பகுதியில் உள்ளூர்க் கலருக்கும் சோடாவுக்கும் நல்ல ஓட்டம் இருந்தது. பிறகு என்ன ஆனது? பெட்டிக்கடைகள் பலவற்றில் இருக்கும் கண்ணாடிக் கதவு பிரிட்ஜ், கோலா கம்பெனி கொடுத்தது. அதில் வேறு சரக்கு வைக்கக்கூடாது என்று நிபந்தனை உண்டு. பிரிட்ஜை எடுத்துக்கொண்டு போகிறோம் என்று ஆள் வந்து சொன்னால், தயிர்ப் பாக்கெட்டை எங்கே வைப்பது என்று கடைக்காரர் யோசிப்பார். உணர்ச்சி சில மாதங்களில் தணிந்தது. பிரிட்ஜ் மட்டும் அங்கேயே நின்றது. சங்கம் அன்றைக்கு நாலு கடைகளுக்குத் தவணையில் சொந்த பிரிட்ஜ் வாங்கிக் கொடுத்திருந்தால், பதாகை அடித்த செலவைவிட அது அதிக நாள் பேசியிருக்கும்.

எட்டயபுரம், மகளிர் சுயஉதவிக் குழு

சாத்தூர் அண்ணாச்சி ஒளிவுமறைவில்லாமல் எழுதியதற்கு நன்றி. நாங்கள் சாம்பார்ப்பொடி, இட்லிப்பொடி, சீனியவரை வத்தல், மோர்மிளகாய் போட்டு விற்கிறோம். உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு வாங்கியிருக்கிறோம். சிறிய அளவில் செய்பவர்கள் அதற்குப் பயப்படத் தேவையில்லை.

கண்காட்சி என்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். அதிகாரிகள் வருவார்கள், புகைப்படம் எடுப்பார்கள், வருகிறவர்கள் "நம்ம ஊர்ப் பெண்கள் செய்தது" என்று பாராட்டி ஒரு பாக்கெட் வாங்குவார்கள். அந்தப் பாக்கெட் தீர்ந்த பிறகு இரண்டாவது பாக்கெட்டைத் தேடி வருபவர் குறைவு. அதே நேரத்தில் ஒரு மெஸ்காரர், பாராட்டு எதுவும் சொல்லாமல், உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று ஒரு முறை குறைகூடச் சொல்லிவிட்டு, வாரந்தோறும் திங்கட்கிழமை சாம்பார்ப்பொடி எடுத்துக்கொண்டு கையோடு பணம் தருகிறார். மல்லியும் மிளகாய் வத்தலும் விலை இறங்கும் நேரத்தில் மொத்தமாக வாங்கி வைக்க எங்களுக்குத் துணிச்சல் தந்தது அவருடைய திங்கட்கிழமைதான். இரக்கப்பட்டு வாங்குபவர்களிடம் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த வருமானத்தை நம்பி மில்லுக்கு மூட்டை அனுப்ப முடியாது.

கடைகளைப் பொறுத்தவரை, நாங்கள் இப்போது நிறையச் சரக்கைப் போட்டுவிட்டு நிறையப் பாக்கிக்காக நடப்பதில்லை. ஒரு டஜன் பாக்கெட்தான் வைப்போம். அது விற்றுப் பணம் வந்தால்தான் அடுத்த டஜன். இதனால் இரண்டு கடைகள் எங்களை நிறுத்திவிட்டன. மற்ற கடைகளில் கண்ணில் படும் தட்டில் எங்கள் பொடி வந்திருக்கிறது, ஏனென்றால் விற்றால்தான் சரக்கு என்று அவர்களுக்கும் தெரியும்.

கழுகுமலை, தீப்பெட்டித் தொழில்

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். "உள்ளூரில் செய்ததை மட்டுமே உள்ளூரில் வாங்குவோம்" என்று ஒவ்வோர் ஊரும் முடிவெடுத்தால், முதலில் பட்டினி கிடப்பது கோவில்பட்டியும் சாத்தூரும் சிவகாசியும்தான். 1920களில் சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பியதிலிருந்து தொடங்கிய இந்தத் தொழிலின் சரக்கு, பெரும்பாலும் வெளிமாநிலங்களில்தான் எரிகிறது. மழை பொய்த்த கரிசல் காட்டில் வேறு போக்கில்லாத குடும்பங்களுக்குச் சோறு போட்டது அந்த வெளியூர்க் காசு. ஆகவே வேலி போடுகிற மாதிரிப் பேச வேண்டாம். வந்த காசு ஊருக்குள் எத்தனை கை மாறுகிறது என்பதைப் பேசுவோம்.

14 ஆண்டுகள் ஒரு ரூபாய்க்கே விற்ற தீப்பெட்டியை 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆக்கினோம். இடைப்பட்ட காலத்தில் மெழுகு, அட்டை, சிவப்புப் பாஸ்பரஸ் எல்லாவற்றின் விலையும் எங்கேயோ போய்விட்டது. அதற்குள் மலிவான லைட்டர்கள் வந்து பாதிச் சந்தையைத் தின்றன. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை 2023இல் மத்திய அரசு தடை செய்தது கொஞ்சம் மூச்சுவிட உதவியது. இவற்றையெல்லாம் சிறு உற்பத்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்து மனு கொடுத்துக் கொடுத்துத்தான் பெற்றோம். வாங்குபவரின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

கோவில்பட்டி அருகே, காய்கறி விவசாயி

சுருக்கமாக ஒன்று. 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது, தரகு இல்லை, கமிஷன் இல்லை என்பதைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அங்கே கடன் என்ற பேச்சே இல்லை என்பது. காலையில் கத்தரிக்காயோடு போனால், வெயில் ஏறுவதற்குள் கையில் ரொக்கத்தோடு திரும்பலாம்; வழியில் உரக்கடைப் பாக்கியைக் கட்டிவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்து வடை தின்றுவிட்டு வரலாம். கமிஷன் மண்டியில் விலை சில நாள் கூடுதலாகக்கூடக் கிடைக்கும். சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்வார்கள்.

விருதுநகர், பள்ளி ஆசிரியை

காசு ஊருக்குள் கை மாறுவதைப் பற்றிக் கழுகுமலை ஐயா எழுதியதால் எங்கள் ஊரின் மகமையைச் சொல்லத் தோன்றுகிறது. கடைக்கு வந்து போகும் சரக்கின் மீது வணிகர்கள் ஒரு சிறு தொகையைத் தாங்களே எடுத்து வைத்துப் பொதுவில் சேர்த்தார்கள்; வீடுகளில் பெண்கள் உலை வைக்கும் முன் பிடியரிசி எடுத்து வைத்தார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை அப்படிச் சேர்ந்த பணத்தில் நடந்த பள்ளி. அது ஒரு சாதியாரின் உறவின்முறைக்குள் பிறந்த ஏற்பாடு என்பதையும், அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களின் அனுபவம் வேறாக இருந்திருக்கும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் பலசரக்கு மூட்டை கடைக்குள் இறங்கினால் ஒரு பிள்ளைக்குப் பாடம் நடக்கும் என்ற கணக்கு, தலைமை அலுவலகம் வேறு நாட்டில் இருக்கும் ஒரு செயலியில் நான் பருப்பு வாங்கும்போது நடக்காது. இன்றைய கடைவீதிச் சங்கங்கள் சாதிப் பெயரில்லாமல் இதைச் செய்ய முடியுமா என்று சங்கத்தில் இருப்பவர்கள் சொல்ல வேண்டும்.

தூத்துக்குடி, கணக்கு எழுதுபவர்

பாக்கி பற்றி இவ்வளவு பேசியதால் சட்டத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு அல்லது சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும் பணம் கொடுத்துவிட வேண்டும். வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதற்குப் பல் முளைக்க வைத்தது: அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை செலவாகக் காட்ட முடியாது. இது பெரிய கடைகளையும் நிறுவனங்களையும்தான் தொடும். விற்பனையில் ஒரு பங்கை லாபமாகக் கணக்கிடும் தோராய வருமான முறையில் வரி கட்டும் சின்ன மளிகைக்கடைகளைத் தொடாது. மிட்டாய்ப் பட்டறையோ பொடி செய்யும் குழுவோ இதைப் பயன்படுத்த வேண்டுமென்றால், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்திருக்க வேண்டும். இணையத்தில் அது இலவசம். ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். பதிவு எண்ணைப் பில்லில் அச்சிட்டுக் கொடுத்த பிறகு, பெரிய கடையின் கணக்குப் பிரிவிலிருந்து, நிதியாண்டு முடியும் மார்ச் மாதம் தானாகப் பணம் வந்த கதைகளை என் வாடிக்கையாளர்களிடம் கேட்டிருக்கிறேன். பதிவு எண்ணைப் பார்த்ததும் ஆர்டரையே நிறுத்திய கதையும் உண்டு. அதையும் சொல்லித்தான் பதிவு செய்யச் சொல்வேன்.

கோவில்பட்டி, கடலைமிட்டாய்ப் பட்டறை

எல்லாவற்றையும் படித்தேன். வாங்குபவர்கள் எங்களுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், கல்யாணத் தாம்பூலப் பையைச் சொல்வேன். தேங்காயோடு ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் போடும் வழக்கம் எங்கள் பக்கம் பரவி வருகிறது. நேரடியாகப் பட்டறைக்கு வந்து பாதி முன்பணம் தருகிறார்கள். அந்த முன்பணத்தில் வெல்லம் ரொக்கத்துக்கு வாங்கினால் மண்டியில் விலையும் குறைகிறது, அந்த மாதம் தண்டல்காரர் பக்கம் போக வேண்டியதும் இல்லை. ஆர்டர் கொடுப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் என்றால் ஈரக்காற்றில் வெல்லம் கசிந்து மிட்டாய் பிசுபிசுத்துவிடும், ஆகவே தொகையை ஒரு மாதம் முன்பே பேசி முடித்தாலும், சரக்கை இரண்டு நாள் முன்புதான் போடுவோம். தேங்காய்ப்பூ தூவியது வேண்டுமா, தூவாதது வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.